அறுந்த கிளட்ச் கேபிள்

நாவலூரில் ஜெபாவின் பைக்கில் கிளட்ச் கேபிள் அறுந்துபோனது. தள்ளிக்கொண்டுபோய் ஒர்க் ஷாப்பில் நிறுத்தினாள். மெக்கானிக் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வூட்டுல ஆம்பள யாரையாச்சும் அனுப்பும்மா. உன்னாண்ட சொன்னா இன்னா புரியும்?"

ஜெபாவுக்குக் காது சுட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு கேபிளை வாங்கிக்கொண்டு, மூன்று கிலோமீட்டர் வண்டியைத் தள்ளியே வீடு வந்து சேர்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம நான் பாத்துக்கறேன், வுடு" என்றான் கணவன் ஜான்சன்.

"நாளைக்கே எனக்கு சிறுசேரில டூட்டி கீது."

விடிந்ததும் ஸ்பேனரோடு வாசலில் உட்கார்ந்தாள். பழைய கேபிள் போகும் வழியை போனில் படம் எடுத்துக்கொண்டு அதைக் கழற்றினாள். அதே வழியில் புதியதை மாட்டினாள். ஸ்டார்ட் செய்து கியர் போட்டதும் வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். ஜெபா தலை நிமிரவில்லை. கேபிள் தொளதொளவென்று இருந்தது. நட்டைத் திருகிக் கொஞ்சம் இறுக்கினாள். இந்த முறை கியர் சத்தமில்லாமல் விழுந்தது. தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள்.

ஜான்சன் சாப்பாட்டுப் பையோடு வந்து கையை நீட்டினான். "சாவி குடு. உன்ன சிறுசேரில எறக்கி வுட்டுட்டுப் போறேன்."

"பின்னாடி உக்கார்றதுன்னா வா. இல்லன்னா பஸ்ல போ."

அவன் தெருவை ஒருமுறை பார்த்தான். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்தான். கிரீஸ் கையைத் துடைக்காமலே ஜெபா ஆக்சிலேட்டரைத் திருகினாள்.