ஒரே உறையில் இரண்டு கத்தி

என் கணவருக்கு நேர்மை கொஞ்சம் அதிகப்படி. எங்கள் ஸ்டிக்கர் கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். காலையில் டிசைன் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பைப் போட்டு நான் வரைவேன். மதியம் அவர் வந்து அதை அழித்துவிட்டு, பழைய பதிப்பை ஏற்றி, வெட்டும் மெஷினை ஓட்டுவார். அந்தக் கிழட்டு மெஷின் பழையதின் பேச்சை மட்டும்தான் கேட்கும். அவர் வந்ததும் நான் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். கடையில் நாற்காலியும் ஒன்றுதான்.

"ஒரு லைசென்ஸுக்கு ஒண்ணுதான். ஒரே உறையில ரெண்டு கத்தி இருக்கலாமா?" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நேற்று மதியம் நான் கிளம்புமுன்பே பழையது மக்கர் செய்தது. அளவுக்கு மீறிய தடவை ஏற்றியாயிற்று, கம்பெனியைக் கூப்பிடு என்று திரையில் சிவப்பாக ஒரு மிரட்டல். சாயங்காலம் நாத்தனாரின் பேக்கரி திறப்பு. கடைக் கண்ணாடி முழுக்க எழுத்து ஒட்டித் தருவதாக வாய் கிழியச் சொல்லியிருந்தேன். வரைந்து வைத்தாயிற்று, ஓர் எழுத்தும் வெட்டியாகவில்லை. நாத்தனார் வாயில் விழுந்தால் ஏழு ஜென்மத்துக்கும் எழுந்திருக்க முடியாது.

கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஒரு சின்னப் பெண் எடுத்தாள்.

"ஏன் மேடம் இத்தனை தடவை போட்டீங்க?"

கணவர் கூண்டில் நிற்கும் குற்றவாளிபோல எழுந்து நின்றார். "தப்பு எதுவும் பண்ணலைம்மா. ஒண்ணை அழிச்சிட்டுத்தான் இன்னொண்ணைப் போடுவோம். தினமும்."

"தினமுமா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து," என்றேன் நான்.

அந்தப் பக்கம் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வெடித்தது. மேடம் போய் அக்கா வந்தது.

"ஐயோ அக்கா! உங்க லைசென்ஸ்ல ரெண்டுமே ஒரே கம்ப்யூட்டர்ல இருக்கலாம். ரெண்டு கம்ப்யூட்டர்ல பிரிச்சு வச்சாத்தான் தப்பு!"

சாஃப்ட்வேருக்கு விழுந்திருந்த பூட்டையும் அவளே எடுத்துவிட்டாள். கணவர் முகத்தில் அசடு வழிந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் சேர்ந்துகொண்டார்; அது முதல் அதிசயம். மெஷின் கடகடவென்று வெட்டித் தள்ளியது. சாயங்காலம் நாத்தனார் கண்ணாடியை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்து, குறை எதுவும் அகப்படாமல் வாயை மூடிக்கொண்டார். இது இரண்டாவது அதிசயம்.

இன்று காலை நான் கடையைத் திறந்து உட்கார்ந்தபோது, பின்னாலேயே வீட்டு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் வந்தார்.

"உங்க முறை மதியம்தானே?"

"பிரிச்சு வச்சாத்தான் தப்புன்னு சொல்லிட்டாளே," என்று நாற்காலியை என் பக்கத்தில் போட்டார்.