பிழையைத் திருப்பிக் கேட்டவர்கள்

“பிழை திரும்ப வேணுமாம்.”

“என்னது?”

“பிழை. போன கிழமை நீர் திருத்தின பிழை. அதைத் திருப்பித் தரட்டாம்.”

“கோகுலன், வெய்யிலுக்க நிண்டனீரோ?”

“மெயிலை உமக்கு அனுப்பியிருக்கிறன். வாசிச்சிட்டுக் கதையும்.”

சுதாஜினி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். அவள் முத்தையன்கட்டு ஊரில், வீட்டு விறாந்தையில் இருந்தாள். கோகுலன் இருந்தது நெளுக்குளம் என்ற ஊரில். வவுனியாவில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்து இருவரும் சேர்ந்து ஒரு லைப்ரரியை, அதாவது மற்றப் புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் தொகுப்பை, பராமரித்து வந்தார்கள்.

யாராவது ஒரு புரோகிராம் எழுதினால் அது எழுதியவுடன் எழுந்து ஓடிவிடாது. முதலில் இயந்திர மொழியில் துண்டு துண்டான கோப்புகளாக மாறும். ஒப்ஜெக்ட் பைல் என்பார்கள். கலியாண வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்கிய பந்தல் தடிகளும் தகரங்களும் மாதிரி, எல்லாம் இருக்கும், இன்னும் கட்டப்பட்டிருக்காது. அப்படிப்பட்ட கோப்பைத் திறந்து, உள்ளே எத்தனை பகுதி, எது எங்கே கிடக்கிறது என்று மற்றப் புரோகிராம்களுக்குச் சொல்வதுதான் இந்த லைப்ரரியின் வேலை. யாரோ ஒரு நல்ல மனிதர் எழுதி உலகத்துக்குச் சும்மா கொடுத்தது. அவர் களைத்துப்போய், விருப்பமுள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போனபோது, முழு உலகத்திலும் கையை உயர்த்தியவர்கள் இந்த இருவர்தான்.

லைப்ரரிக்குப் பிறவியிலேயே ஒரு நோய் இருந்தது. பகுதிகளை எண்ணும் கணக்கை ஒரு புரோகிராம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றைக் கூட்டிச் சொல்லும். ஏழு இருந்தால் எட்டு என்று கூசாமல் சொல்லும். சுதாஜினி மாதக்கணக்காக மண்டையை உடைத்து அந்த நோயைப் பிடித்தாள், திருத்தினாள், புதுப் பதிப்பை வெளியிட்டாள். அதன் அடியில் ‘திருத்தியவர்: சுதாஜினி தவராசா’ என்று ஒரு வரி. இந்த உலகத்தில் அவள் பெயர் அச்சு எழுத்தில் நின்ற முதல் இடம் அதுதான். காலையில் பல் தீட்டுவதற்கு முன்னும் ஒரு தரம் அதைத் திறந்து பார்த்துக்கொள்வாள்.

மெயில் ஒரு குளிர் நாட்டுப் பால் தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தது.

‘உங்கள் லைப்ரரி ஒன்றைக் கூட்டிச் சொல்வது எங்களுக்கு முதலே தெரியும். ஆகவே எல்லா இடத்திலும் ஒன்றைக் கழித்து எழுதிக்கொண்டோம். இப்போது நீங்கள் சரியாகச் சொல்கிறீர்கள். நாங்கள் அதிலும் ஒன்றைக் கழிக்கிறோம். கடைசிப் பகுதி விடுபட்டுப் போகிறது. இயந்திரத்தை நிறுத்தும் கட்டளை கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. பரிசோதனை அறையில் கணுக்காலளவு பால் நிற்கிறது. பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழியில்லை, எங்கள் புது இயந்திரத்தின் கோப்புகளை அது திறக்காது. தயவுசெய்து பிழையை மீட்டுத் தரவும்.’

பாதி வாழ்க்கையை மொழிபெயர்ப்பு நாவல்களுக்குள் கழித்தவளுக்கு, உரோமத் தொப்பியும் கனத்த மேலங்கியும் அணிந்த ஒரு பெரியவர் முழங்காலளவு பனியில் நடந்து வந்து கணுக்காலளவு பாலில் நிற்பது கண்முன்னே தெரிந்தது. பாவமாக இருந்தது. உடனே தன் பெயர் நின்ற அந்த ஒற்றை வரியும் நினைவுக்கு வந்தது.

“ஏலாது,” என்றாள். “பிழை எண்டால் பிழைதான். பிழைக்குள்ள குடித்தனம் நடத்தினது அவையின்ர குற்றம்.”

“ஆளுகள் வருசக்கணக்கா நம்பி இருந்திட்டினம், சுதாஜினி.”

“நம்பச் சொல்லி நாங்களே சொன்னனாங்கள்?”

அப்போது படலையில் சத்தம் கேட்டது. பக்கத்து வயல் பழனியாண்டி வாடிய பயித்தங்கொடி ஒன்றை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். வன்னியிலேயே பிறந்து வளர்ந்தும் பேச்சில் மட்டும் மலைநாட்டை விடாதவர். சுதாஜினியின் அப்பா தவராசா கிணற்றடியில் கை கால் சேறு கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வரம்புல இருந்த நண்டு வளைய அடைச்சிட்டீங்களாமே?”

“ஓம், அடைச்சனான். என்ர வயல் தண்ணி முழுக்க அதாலதான் போகுது.”

“எங்க போகுதுன்னு பாத்தீங்களா? என் கொடிக்குத்தானே போகுது! அத நம்பித்தானே அந்தப் பக்கம் நட்டேன்.”

“நண்டைக் கேட்டோ நட்டனீர்?”

“நண்டே குடுத்த தண்ணிய நீங்க எதுக்கண்ணே மறிக்கிறீங்க?”

சுதாஜினிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

“அப்பா! பழனியாண்டி மாமா எத்தினை போகமா அதை நம்பி நடுறார். ஒரு சொல்லுச் சொல்லாமல் போய் அடைக்கிறதே?”

“ஓட்டையைத்தானே பிள்ளை அடைச்சனான்?”

“உங்களுக்கு அது ஓட்டை. அவருக்கு அது வாய்க்கால்! முதல்ல போய்த் திறந்து விடுங்கோ.”

மேசையில் கிடந்த போன் தொண்டையைச் செருமியது.

“இப்ப சொன்னதை அப்படியே பால்காரருக்கு எழுதி அனுப்பட்டோ?”

சுதாஜினி விறாந்தைப் பக்கம் திரும்பிப் போனை முறைத்தாள்.

“ஆரது?” என்றார் அப்பா.

“யாரா இருந்தா என்ன, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க தம்பி,” என்று பழனியாண்டி போனைப் பார்த்துக் கேட்டார்.

“அவா தீர்ப்புச் சொல்லிப்போட்டா, ஐயா. நான் அதுக்கு மேல கதைக்க மாட்டன்.”

அப்பா மண்வெட்டியைத் தூக்கினார். “நண்டளவுதான் திறப்பன். அதுக்கு மேல ஒரு விரல்கூட இல்லை.” பெரிய நண்டா சின்ன நண்டா என்று கேட்டபடி பழனியாண்டி பின்னால் போனார். அந்த வழக்கு வரம்பு வரைக்கும் கேட்டது.

சுதாஜினி திரும்பிவந்து கதிரையில் தொப்பென்று இருந்தாள்.

“சரி, கோகுலன். பிழையான கணக்கும் ஒரு மூலையில கிடக்கட்டும். அதுக்கு ஒரு புதுப் பெயர் வைச்சுக் குடுப்பம். அவை அதைக் கூப்பிடட்டும்.”

“நீர் அங்க வழக்குப் பேசேக்க நான் அதைத்தான் எழுதிக் கேட்டனான். பதிலும் வந்திட்டுது. அவையின்ர புரோகிராமுகள் எல்லாம் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுதாம். எத்தினை இடத்தில எண்டு அவைக்கே தெரியாதாம்.”

“அதுக்கு?”

“பழைய பெயர் பிழைக்கே இருக்கட்டாம். உம்மட சரியான கணக்குக்குத்தான் வேற பெயர் வைக்கட்டாம்.”

“அப்ப சரியா எண்ணினதுதான் பெயரை மாத்திக்கொண்டு ஒளிச்சுத் திரிய வேணுமோ?”

“அப்பிடித்தான் போல கிடக்கு. அங்க இன்னும் பால் ஓடுதாம்.”

திரையில் அவளுடைய வரி அப்படியே இருந்தது. திருத்தியவர்: சுதாஜினி தவராசா.

“ஒரு நல்ல பெயரா யோசியும்,” என்றான் கோகுலன், பெண் கேட்டு வந்தவனைப் போலக் குரலை மிகவும் தாழ்த்தி. “தேடுறவைக்கு லேசாக் கிடைக்க வேணும், பழைய பிழைக்கும் மனம் நோகக் கூடாது. இண்டைக்கே வைச்சுத் தாருமன், சுதாஜினி.”