குழாயில் தண்ணீர் வரும் நேரம்

ராமுத்தாய் கர்ணனுக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. கர்ணன் தன் ஜீப்பில் வைத்திருக்கும் நீள நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் பெயரும் அந்தத் தொகையும் மட்டும் இருக்கும். நோட்டு தீர்ந்து புது நோட்டு வாங்கினால் முதல் வேலையாக அந்த ஒரு வரியை அதன் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வான். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

கம்பத்திலிருந்து காலை ஆறரைக்கு ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் அது. கூலி கொடுப்பதும் அவன்தான். மற்ற பெண்கள் ஐந்நூறு கடன் வாங்கினாலும் அந்தச் சனிக்கிழமையே கூலியில் பிடித்துவிடுவான். ராமுத்தாயிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஏன் கேட்பதில்லை என்பது தெருவுக்கே தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், கம்பம்மெட்டு வளைவில் அவன் ஓட்டிய ஜீப் சரிந்து பக்கத்து ஓடையில் சாய்ந்தது. ராமுத்தாயின் மடியில் இருந்த மூன்றரை வயசு மகள் அனுசுயா தெறித்துப் போய் விழுந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்கப்புறம் பிள்ளை பேசவில்லை, முகம் பார்க்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. பயந்த கோளாறு என்றது தெரு. ராமுத்தாயும் அதையே சொன்னாள். போகிற வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி, அவளுக்கே அதில் சந்தேகம் இல்லாமல் போயிற்று. புருஷன் சுருளி கொஞ்ச காலம் பார்த்துவிட்டுத் திருப்பூருக்குப் போனான். போனவன் போனவன்தான்.

பிள்ளைக்கு ஆறு வயசானபோது, லோயர் கேம்ப் பக்கம் பயம் எடுக்கிறவர் ஒருவர் இருப்பதாகக் கர்ணன்தான் விசாரித்து வந்தான். உள்ளே உட்கார்ந்திருக்கும் பயத்தைவிடப் பெரிய பயத்தைக் காட்டினால் பழையது எழுந்து ஓடிவிடும் என்பது அவருடைய முறை. மூன்று வெள்ளிக்கிழமை, விடிகிற நேரத்தில், மலையிலிருந்து இறங்கிக் கால்வாயில் பாய்கிற தண்ணீரில் பிள்ளையை முக்கி எடுத்தார். பல்லைக் கிட்டவைக்கும் குளிர். தட்சணை, கிடாய், தாயத்து, மூன்று நடைக்கு டீசல் எல்லாம் கர்ணன் கைக்காசு. கூட்டிப் பார்த்தால் பதினெட்டாயிரத்து அறுநூறு. "மெதுவாக் குடு தங்கச்சி" என்றான்.

பயம் போனதா என்றால், அனுசுயா பேசினாள். ஆனால் அவள் குரலில் பேசவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் தெருக்குழாயில் தண்ணீர் விடுவார்கள். தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். குழாய் உஸ்ஸென்று இரைந்து, செருமி, அப்புறம்தான் கொட்டும். அந்த உஸ் கேட்டதும் அனுசுயா கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். மணிக்கட்டைக் கடிப்பாள். பிறகு அங்கேயிருந்து ஒரு கிழவரின் கரகரத்த குரல் கிளம்பும்.

"ஏய்! யாரு நீ? போறியா, இல்லையா? முங்கு!"

பயம் எடுத்தவரின் குரல். அவருடைய இருமல் உட்பட அப்படியே. அவர் செத்து எட்டு வருஷமாயிற்று.

ஆறு வயசுப் பிள்ளை வாயில் வந்தபோதே தெரு நடுங்கியது. இப்போது அவளுக்குப் பதினேழு. குரல் இன்னும் கனத்திருந்தது. அவர்தான் பிள்ளைமேல் இறங்கியிருக்கிறார் என்று குடம் வைக்க வந்த பெண்கள் தள்ளி நின்றார்கள். பகலெல்லாம் அனுசுயாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஆசியா ஒருத்திதான் துணிந்து பேசுவாள்.

"செத்தவரு எட்டு வருஷமா ஒரு பைசா வாடகை குடுக்காம இங்கன குடியிருக்காரு. காலி பண்ணச் சொல்லுங்களேன்க்கா."

"சும்மா இரு ஆசியா."

சிரிக்க முடியாது ராமுத்தாயால். குரல் கிளம்பினதும் கதவைச் சாத்துவாள். டிவியை அலறவிடுவாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பிள்ளையின் வாயைப் பொத்துவாள். பதினோரு வருஷத்தில் ஒருநாளாவது அந்தப் பேச்சை அவள் முடிவுவரை கேட்டதில்லை.

இந்த வருஷம் மாசியில், சம்பளம் போடும் சனிக்கிழமை, கர்ணன் அவளை ஜீப்புக்குப் பின்னால் கூப்பிட்டான்.

"வண்டிப்பெரியாறு தாண்டி ஒருத்தரு இருக்காராம். பெரிய கை. செத்தவுக ஏறியிருந்தாலும் எறக்கிப்புடுவாராம்."

"அங்கன என்ன செய்வாகளாம்ண்ணே?"

"ஆத்துலதான். ஒரே தடவ. வர்ற வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்கு வண்டியக் கொண்டாறேன். செலவு எம்பாடு." அவன் நோட்டை முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தான். "புள்ளைக்குச் சரியாயிருச்சுன்னா, அந்தப் பழைய கணக்கையும் கிழிச்சுப் போட்டுருவேன். எனக்கும் ஒறக்கமில்ல தங்கச்சி. அந்த வளைவுல இன்னமும் வண்டிய ஊர விட்டுத்தான் போறேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் நிலோபர் டீச்சர் வீட்டுக்கு வருவாள். உத்தமபாளையத்துப் பெண். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அரசாங்கம் அனுப்பிய டீச்சர். வந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அனுசுயாவின் மாற்றுத்திறனாளி அட்டையில் ஆட்டிசம் என்று எழுதியிருந்தது. அது பயந்த கோளாறுக்கு டாக்டர் வைத்திருக்கும் இங்கிலீஷ் பெயர் என்றே ராமுத்தாய் நினைத்திருந்தாள்.

"நாளைக்கு வெளியூர் போறோம் டீச்சர்" என்று ஆரம்பித்து, ஜீப் சாய்ந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

நிலோபர் கேட்டு முடித்துவிட்டு, "வண்டி சாயுறதுக்கு முன்னால இவ எப்படி இருந்தாக்கா?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்தா."

"நல்லான்னா? பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவாளா?"

ராமுத்தாய் அந்த நாளை யோசித்துப் பார்த்தாள்.

இரண்டு வயசுப் பிள்ளை தோட்டத்தில் சாக்கு விரிப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஏலக்காயைப் பெரிசு, சின்னது, அதைவிடச் சின்னது என்று ஒரே கோடாக அடுக்குகிறது. அழுவதில்லை. யாரையும் தேடுவதில்லை. அனு, அனு என்று பத்துத் தடவை கத்தினாலும் தலை நிமிராது. என்ன நல்ல புள்ள, தாயைத் தொந்தரவே செய்யல என்று பெண்கள் மெச்சுகிறார்கள். பால், லைட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த இரண்டு சொல்லும் எப்போது நின்றன? ஜீப்புக்கு அப்புறமா? இல்லை. அதற்கு முந்தின பொங்கலுக்கே பிள்ளைக்குப் பேச்சு இல்லை. மாமியார் அதைச் சொல்லிக் காட்டியதும், இவள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்ததும்கூட ஞாபகம் வந்தது.

"டீச்சர், யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு வண்டி சாஞ்சு கெடக்கு. எல்லாரும் கத்துறோம். இவளத் தேடி ஓடையில எறங்குனேன். அங்கன ஒக்காந்து, மேல சுத்திக்கிட்டிருந்த சக்கரத்தப் பாத்துக்கிட்டு இருக்கா. ம்ம்ம்னு அதுகூடவே பாடுறா. நான் தூக்குன பொறகுதான் அழுதா. சக்கரத்த விட்டுப் பிரிச்சுட்டேன்னு."

"அப்ப அவ பயப்படவே இல்லையேக்கா."

அனுசுயா சுவரோரமாகத் துணிக் கிளிப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்டிசம் பயத்தால வர்றதில்ல" என்றாள் நிலோபர் மெல்ல. "பெறக்கும்போதே அப்படித்தான். யாரு மேலயும் தப்பு இல்ல. ஆனா இந்தப் புள்ளைகளுக்கும் பயம் பிடிக்கும்க்கா. நமக்குப் பிடிக்கிறதவிட ஆழமாப் பிடிக்கும். சத்தம், குளிரு, இறுக்கிப் பிடிக்கிறது எல்லாமே அவளுக்கு நம்மள விட பல மடங்கு. எனக்கு இது நடந்துச்சுன்னு அவளுக்குச் சொல்லத் தெரியாது. கேட்டத அப்படியே திருப்பிச் சொல்லுவா. அதுதான் அவளுக்குச் சொல்லத் தெரிஞ்ச வழி."

வெளியே குழாய் உஸ்ஸென்றது.

கிளிப்புகள் சிதறின. அனுசுயா கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். ராமுத்தாய் பழக்கத்தில் எழுந்து கதவுக்கு ஓடினாள்.

"இருங்கக்கா. டிவி போடாதீக. வாயப் பொத்தாதீக. இன்னைக்கு ஒருநாள் முழுசாக் கேப்போம்."

"ஏய்! யாரு நீ? போறியா, இல்லையா? முங்கு!" இருமல். மறுபடியும், "முங்கு!"

குழாய் கொட்ட ஆரம்பித்தது. கட்டிலுக்கு அடியில் குரல் மாறியது. வேறொரு ஆணின் குரல், இளசானது, மூச்சு வாங்குவது.

"கையப் புடிச்சிருக்கேன் சாமி. முக்குங்க."

கர்ணன். இடையில் ஒரு சின்னப் பிள்ளையின் கேவல், தண்ணீர் குடித்த மூச்சு. அப்புறம் ஒரு பெண் குரல். அவசரமான, கண்டிப்பான குரல். யாருடையது என்று முதலில் பிடிபடவில்லை. எங்கேயோ கேட்ட குரல்.

"காலு எங்கிட்ட இருக்கு. அழுத்துங்க சாமி. நல்லா அழுத்துங்க."

ராமுத்தாய் தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்தாள்.

அந்தக் கால்களின் ஈரம் கைக்கு வந்தது. மீன் போலத் துடித்த இரண்டு கணுக்கால்கள். வழுக்காமல் இருக்க முந்தானையைச் சுற்றிப் பிடித்திருந்தாள். மூன்று வெள்ளிக்கிழமையும். இத்தனை வருஷமாக இந்த வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தது செத்தவர் மட்டும் இல்லை. உயிரோடு இருக்கிற அவளும்தான். அந்த வாயைத்தான் அவள் பொத்திக்கொண்டே இருந்தாள்.

நிலோபர் அவள் தோளைத் தொட்டாள். "தெரியாமச் செஞ்சதுதானேக்கா."

"அவளுக்கு அது எப்படித் தெரியும் டீச்சர்?"

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே ஜீப் வாசலில் வந்து நின்றது. ராமுத்தாய் கதவை வெளியே சாத்திவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"வரலண்ணே."

"ஏன், புள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சொல்லாமலே இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று ஒரு பொய் போதும். பயம் தன் வண்டியில் வந்ததென்று நினைத்திருக்கிறவரை இவன் காசைக் கேட்கமாட்டான். ஆனால் அதுவரை இன்னொரு ஆறு, இன்னொரு சாமி என்று வந்து நின்றுகொண்டேதான் இருப்பான்.

"ஒன் வண்டியில எம்புள்ள பயப்படலண்ணே. அதுக்கு முந்தியே அவ அப்படித்தான். பெறந்ததுலருந்தே. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன். அவ பயந்தது தண்ணியில. நீயும் நானும் புடிச்சுக்கிட்டு நின்னமே, அதுல."

கர்ணன் வண்டியை அணைத்தான்.

"பதினாலு வருஷம்" என்றான். "அந்த வளைவு வந்தா எம்பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் எனக்குக் காது கேக்காது. அத நீ இப்ப வந்து சொல்ற."

"எனக்கே நேத்துத்தான் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சிருந்தாலும் ஒத்துக்கிட்டிருப்பனோ என்னமோ."

"அப்ப அந்தக் காசு?" அவன் குரல் சட்டென்று கடுத்தது. "அப்ப நான் எதுக்கு அதக் கேக்காம இருந்தேன்?"

"கேளுண்ணே. நாளுக்கு நூறு புடிச்சுக்க."

அவன் பிடித்தான். நூற்று எண்பத்தாறு நாள். மழையில் வேலை இல்லாத நாளெல்லாம் தள்ளிப்போய்க் கார்த்திகை வந்துவிட்டது. சனிக்கிழமைகளில், நூறு போக நாளுக்கு முந்நூற்றைம்பது கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு இறங்கும்போது ராமுத்தாய்க்கு வலிக்கத்தான் செய்தது. ஆசியா, "கடனக் குடுத்துட்டு நீங்க இளைக்கிறீக, கேட்டு வாங்கிட்டு அவுக இளைக்கிறாக. இது என்ன கூத்தோ" என்றாள்.

தண்ணீர் வரும் சாயங்காலங்களில் ராமுத்தாய் டிவியை அணைத்துவிடுவாள். நிலோபர் கொடுத்த காதுமூடியை அனுசுயாவுக்கு எட்டும் இடத்தில் வைப்பாள். சில நாள் அவள் எடுத்துக்கொள்வாள், சில நாள் தட்டிவிடுவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், தொடாமல், ராமுத்தாய் உட்கார்ந்திருப்பாள். மூன்று குரலும் வரும். கடைசியாகத் தன் குரல் வந்து முடிந்ததும், கால்வாய்க் கரையில் சொல்லாமல் விட்டதைச் சொல்வாள். "போதும் சாமி. விட்ருங்க. எம்புள்ளையக் குடுங்க." பதில் இருக்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் சொன்னாள். எட்டு மாசத்துக்கு மேல் ஆயிற்று.

கடைசி நூறு பிடித்த அன்று கர்ணன் நோட்டோடு வீட்டுக்கே வந்தான். "அடிச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுத்துர்றேன். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு." நிலைப்படியில் நோட்டை விரித்துப் பேனாவைத் திறந்தான்.

குழாய் இரைந்தது.

அவன் இதை வாசலுக்குள் நின்று கேட்டதில்லை. கிழவர் குரலுக்குத் தலையை மட்டும் தூக்கினான். "கையப் புடிச்சிருக்கேன் சாமி. முக்குங்க" என்றதும் அவன் கை பக்கத்தின்மேலேயே நின்றது. கேவல். மூச்சு. பிறகு, "காலு எங்கிட்ட இருக்கு. அழுத்துங்க சாமி. நல்லா அழுத்துங்க."

ராமுத்தாய் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கட்டிலுக்கு அடியில் இருந்து வந்தது. வயசான, இன்றைய ராமுத்தாயின் குரல்.

"போதும் சாமி. விட்ருங்க."

அவ்வளவுதான். அப்புறம் குழாய் கொட்டும் சத்தம் மட்டும் இருந்தது.

கர்ணனின் பேனா தாளில் ஒரு புள்ளியை ஊறவைத்துக்கொண்டிருந்தது. கோடு இழுக்க அவன் கைக்கு வரவில்லை. ராமுத்தாய் நோட்டை வாங்கினாள். தன் பெயர் மேலிருந்து தொகை வரைக்கும் குறுக்கே இரண்டு கோடு கிழித்து, அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"சரியாப் பாத்துக்கண்ணே. ஒரு ரூவா பாக்கி இல்ல."