குடிலுக்கு மேலே ஒரு ஹண்டர்

மாரிகுப்பம் விமானம் கட்டுவோர் சங்கத்தில் மொத்தம் இரண்டு பேர். தலைவர் பர்னபாஸ், செயலாளர் தம்மபாலன். இருவரும் தங்கச் சுரங்கத்தின் டிராயிங் ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, பூமிக்குக் கீழே ஓடும் லெவல்களையும் செங்குத்தாக இறங்கும் ஷாஃப்டுகளையும் நாள் முழுக்கப் படம் வரைகிறவர்கள். பகலெல்லாம் பாதாளத்தைப் பார்த்த கண்ணுக்குச் சாயங்காலம் கொஞ்சம் ஆகாயம் வேண்டும் என்று சங்கம் தொடங்கினார்கள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நடந்தது வேறு. தம்மபாலன் பெங்களூர்க் கடையொன்றில் பிளாஸ்டிக் விமானம் வாங்கிவந்து, சக்கரங்களை இடம் மாற்றி ஒட்டிவைத்திருந்தான். பர்னபாஸ் அதைப் பார்த்துச் சிரித்தான். சங்கம் பிறந்தது.

அவை உள்ளங்கை அகலச் சண்டை விமானங்கள். நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. பையைப் பிரித்தால் கொஞ்சம் பிளாஸ்டிக் துண்டுகள், ஓட்டுகிறவன் தலைக்கு மேலே மூடுகிற கண்ணாடி, அரிசி இரண்டை அடுக்கினாற்போல் ஒரு பைலட், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள். அவற்றைச் சவர பிளேடால் சீவி, ஒட்டி, தேய்த்து, பூனை மீசை போன்ற தூரிகையால் வர்ணம் தீட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சங்கத்தின் முக்கியமான வேலை: மற்றவன் செய்த தப்பைக் கண்டுபிடிப்பது. பர்னபாஸ் இதில் ஈவிரக்கம் இல்லாதவன். ஒரு முறை தம்மபாலன் மூன்று வாரம் உழைத்துத் தீட்டிய பச்சையைப் பார்த்துவிட்டு, இது போர் விமானமா கொத்தமல்லிக் கட்டா என்று கேட்டு, செயலாளரைப் பத்து நாள் தன்னோடு பேசாதபடி செய்தான். சங்கத்தில் எதிரி சுட்டு விழுந்த விமானம் ஒன்றுகூடக் கிடையாது. பூமிக்கடியில் பாறை வெடித்து வீடு குலுங்கும்போது அலமாரியிலிருந்து விழுந்து மூக்கு உடைந்தவைதான் எல்லாம்.

ஹண்டர் என்ற சண்டை விமானத்தின் துண்டுகள் அடங்கிய கிட்டைக் கொண்டுவந்து கொடுத்தவன் பர்னபாஸின் தம்பி சூசைநாதன். விமானப்படையில் ஃபிட்டர். ஹண்டரைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி மாட்டுகிறவன்.

அவனை விமானப்படைக்கு அனுப்பியது அம்மா மரியகுழந்தைதான். அவள் புருஷன் சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் செத்தவர். அதன்பின் பிள்ளைகளுக்கு அவள் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று: கீழே இறங்காதே. செத்தப்புறம் எல்லாருக்கும் மண்ணுதான், உசுரோட மண்ணு வேணாம் என்பாள். பெரியவனுக்கு ஆபீசில் மேல்வேலை கிடைத்தது. சின்னவனுக்கு இன்னும் மேலே இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

சுரங்கத்துக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டு ஜனங்களுக்கு ஃபிட்டர் என்ற உத்தியோகம் போதவில்லை. ஒரே வாரத்தில் அவனைப் பைலட் ஆக்கினார்கள். மரியகுழந்தை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. லீவில் வந்தவனின் நகக்கண்ணில் ஏறியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டவள் அவள், அவளுக்குத் தெரியாதா?

அறுபத்தைந்து செப்டம்பர் சண்டையில் சூசைநாதன் செத்துப்போனதாகத் தந்தி வந்தது. எப்படி என்று தந்தியில் இல்லை. ஆகவே லைன் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. பக்கத்து வீட்டு ஜெயம்மாவின் கணக்கில் அவன் இரண்டு எதிரி விமானங்களை வீழ்த்திவிட்டு வீழ்ந்தான். அவள் குழாயடிக்குப் போய்க் குடம் நிரப்பித் திரும்புவதற்குள் அது நாலாயிற்று. உடலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே ஒரு பூசை வைத்தார்கள். மரியகுழந்தை அழுதாள், பிறகு அழாமல் இருந்தாள், அதுதான் பர்னபாஸுக்குப் பயமாக இருந்தது.

நவம்பரில் சௌந்தரராஜன் என்பவன் லீவில் ஊருக்கு வந்தான். சூசையோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவன், பங்காருபேட்டைக்காரன். பர்னபாஸ் பங்காருபேட்டை ஸ்டேஷனில் அவனைச் சந்தித்தான். பிளாட்பாரத்தில் இரண்டு டீ வாங்கினார்கள். இரண்டும் ஆறிப்போயின. எதிரி விமானம் வருகிறதென்று சங்கு ஊதியதும் பட்டறை ஆட்கள் ஓடிப்போய்ப் பக்கத்தில் வெட்டியிருந்த பதுங்குகுழியில் குதித்தார்கள் என்று சௌந்தரராஜன் சொன்னான். குண்டு குழிக்குள் விழவில்லை, பக்கத்தில்தான் விழுந்தது. குழியின் ஓரம் சரிந்து மூடிக்கொண்டது. சூசை உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மற்றவர்களைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். குழியின் கோடியில் இருந்த சூசையிடம் போய்ச் சேர நேரமாகிவிட்டது.

சௌந்தரராஜன் கடைசியாக, வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்க்கட்டுமா என்று கேட்டான். பர்னபாஸ் வேண்டாம் என்றான்.

மாரிகுப்பம் வண்டியில் திரும்பி வரும்போது பர்னபாஸ் ஒரு பொய்யை மனசுக்குள் வரைந்தான். டிராயிங் ஆபீஸ்காரன் ஆயிற்றே, அளவெல்லாம் சரியாக வந்தது. வீட்டுக்குப் போனதும் சொன்னான். சூசை ஹண்டரின் இறக்கை மேலே நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தான், குண்டு விழுந்தது.

"ஒரே நொடிம்மா. அவனுக்கு ஒண்ணியும் தெரிஞ்சிருக்காது."

சொன்ன பிறகுதான் வாயைக் கடித்துக்கொண்டான். அப்பா செத்தபோது சுரங்கத்து அதிகாரி இதே வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை அது. ஒரே நொடி, அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மரியகுழந்தை அதை நம்பி ஒரு வருஷம் போல வாழ்ந்தாள். பிறகு மீட்புக்குப் போன சின்னசாமி ஒரு நாள் குடித்துவிட்டு வந்து, உள்ளேயிருந்து காற்றுக் குழாயைத் தட்டும் சத்தம் மறுநாள் காலைவரை கேட்டது என்று சொல்லி அழுதான்.

அம்மா பர்னபாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. எழுந்துபோய் மூடியை எடுத்துவிட்டு வந்தாள்.

"அப்போ மேலதான் இருந்தான்."

"மேலதாம்மா."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. நம்பிவிட்டாள் என்று பர்னபாஸ் நம்பினான்.

டிசம்பர் வந்தது. துக்க வீடு, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடில் கட்ட மாட்டார்கள் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, மரியகுழந்தை தகர டப்பாக்களில் மண் போட்டு ராகி விதைத்தாள். ராகி முளைதான் பெத்லகேம் புல்வெளி. பெத்லகேமில் தங்கச் சுரங்கம் இருந்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் மாரிகுப்பத்துக் குடில்களில் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷாஃப்ட் கோபுரம் இருந்தே தீரும். ரயில் இருக்கும். கண்ணாடித் துண்டில் ஏரியும், அதில் மாதா சொரூபத்தைவிடப் பெரிய வாத்தும் இருக்கும். ஆகவே அம்மா விமானம் கேட்டதில் அதிசயம் ஏதுமில்லை.

"சூசை கொண்ணாந்த வெமானத்த செஞ்சி மேல தொங்க வுடு. அவன அதுல உக்கார வெய்யி."

பர்னபாஸ் உட்கார்ந்தான். அதுவரை எதையும் அவ்வளவு பொறுமையாக அவன் கட்டியதில்லை. பறக்கிற விமானம் என்பதால் சக்கரங்களை உள்ளே மடக்கி மூடினான். கிட்டோடு வந்தவை வெள்ளைக்காரர் சின்னங்கள்; அவற்றைத் தள்ளிவிட்டு, வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என்று நம் வட்டத்தைக் கையால் வரைந்தான். வயிற்றுக்கு அடியில் ஓரிடத்தில் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும், எத்தனை முறை துடைத்தாலும் மறுநாள் அதே கோடு இருக்கும் என்று சூசை ஒரு தடவை அலுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து அந்தக் கோட்டை இழுத்தான். முகத்துக்கு ரோஸ் வர்ணம் அடிக்கும்படி கிட்டுத் தாளில் போட்டிருந்தது. சூசையின் நிறத்துக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. காபிப் பொடி நிறத்தில் ஒன்றைக் குழைத்து, இரண்டு அரிசி உயரத் தம்பிக்கு முகம் கொடுத்தான். எண்ணெய்க் கறையை எழுபத்திரண்டில் ஒரு பங்காக்கி, சரியான இடத்தில் வைத்தாயிற்று. பொய்யை மட்டும் முழு அளவில் இருக்கையில் உட்காரவைத்தான். கண்ணாடியை மூடி, ஒட்டி, ஒரு நாள் காயவிட்டான்.

தம்மபாலன் வந்து ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு தப்பும் அகப்படவில்லை. அவனுக்கு அது நிஜமாகவே கஷ்டமாக இருந்தது.

பர்னபாஸ் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், கண்ணாடிக்குள் இருக்கிறவனைப் பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தால் கண்ணாடியின் ஓரத்தை நெம்பிப் பார்த்தாள்.

"இத்த எடுத்துடு."

"இன்னாம்மா?"

"மூடாதே. தெறந்து வெய்யி."

பர்னபாஸுக்குள் இருந்த சங்கத் தலைவர் முந்திக்கொண்டார். பறக்கும்போது திறக்கவே கூடாது, அந்த வேகத்தில் காற்று ஆளையே பிய்த்துக்கொண்டு போய்விடும், உலகத்தில் எந்த ஹண்டரும் அப்படிப் பறந்ததில்லை என்று அவர் விளக்கினார். அம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

"மூச்சு முட்டும்டா," என்றாள்.

அப்போது அவனுக்குப் புரிந்தது. பங்காருபேட்டையில் ஆறிய டீயோடு கேட்டதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரே நொடி என்று சொன்ன அந்த நொடியிலேயே அவள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பிளேடை எடுத்துக் கண்ணாடியைப் பெயர்த்தான். ஒட்டிய இடம் பால்போல் மங்கி, ஓரத்தில் ஒரு கீறலும் விழுந்தது. அதைப் பின்னால் தள்ளி விமானத்தின் முதுகில் ஒட்டினான். சூசையின் தலை வெளியே தெரிந்தது. தூண்டில் நரம்பில் கட்டிக் குடிலுக்கு மேலே தொங்கவிட்டான். அம்மா அதன்கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கோயில் உபதேசியாரும் இரண்டு பெரியவர்களும் வீடு வீடாகக் குடில் பார்த்து மார்க் போட்டுக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே பாதி லைனும் வந்தது. தம்மபாலனும் வந்திருந்தான், புத்தர் கோயில்காரனானாலும் குடில் பார்க்க ஒரு வருஷமும் தவறாதவன். உபதேசியார் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா பர்னபாசு, கண்ணாடிய சாத்த மறந்துட்டியா? தலப்பா பறந்துடுமே."

கூட்டமும் சிரித்தது. பர்னபாஸ் தம்மபாலனைப் பார்த்தான். இத்தனை வருஷம் அவன் காத்திருந்த தப்பு, ஊர் அறிய, தலைக்கு மேலே தொங்குகிறது. கொத்தமல்லிக் கட்டுக்கு வட்டியோடு பழி தீர்த்துக்கொள்ளலாம். தம்மபாலன் விமானத்தைப் பார்த்தான். கீழே நின்ற மரியகுழந்தையைப் பார்த்தான். மறுபடி விமானத்தைப் பார்த்தான்.

"ஹண்டர்ல அப்படித்தான் சார். எறங்கி வரும்போது தெறந்து வெச்சிகினுதான் வருவாங்க. புக்லயே போட்டுக்கீது."

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. டிராயிங் ஆபீஸ்காரன் சொல்லிவிட்டான், புத்தகத்திலும் போட்டிருக்கிறது. உபதேசியார் அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தார்கள். பர்னபாஸ் தொழுவத்தின் வைக்கோலைச் சுருட்டிக் கட்டினான். அம்மா ஆடுகளையும் மேய்ப்பர்களையும் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் படுக்கவைத்தாள். விமானத்தை மட்டும் இறக்க வேண்டாம் என்றாள்.

"உன் சிநேகிதக்காரன் உன்ன வுட நல்லா பொய் சொல்றான்."

பர்னபாஸ் வைக்கோல் கட்டை இறுக்கினான்.

"மண்ணுதானே?" என்றாள்.

தலைநிமிராமல் கேட்டாள். கையில் ஒரு ஒட்டகம் பாதி சுற்றியபடி இருந்தது. அவன் மறுபடி இறக்கையைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான்.

"ஆமாம்மா."

அவள் ஒட்டகத்தைச் சுற்றி முடித்தாள். பெட்டியில் வைத்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"தட்டினானா?"

பர்னபாஸ் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"அங்க தட்டறதுக்கு பைப்பு இல்லம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், நாளைக்கு ரேஷன் கடை லீவு என்று யாரோ சொன்னதுபோல. பிறகு செம்பில் தண்ணீர் மொண்டுவந்து, ராகி டப்பாக்களுக்கு முன்னால் குந்தி, ஒவ்வொரு டப்பாவுக்கும் விரலால் தெளித்தாள். முளை இதற்குள் மஞ்சளாகித் தலை சாய்ந்திருந்தது. குடில் முடிந்துவிட்டது, அதற்கு இனித் தண்ணீர் தேவையில்லை என்று பர்னபாஸ் சொல்லவில்லை. செம்பு காலியானதும் வாங்கிக்கொண்டுபோய் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தான்.