மாரிசெல்வியின் குழம்பு

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. என் மருமகள் கற்பகவல்லி கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறாள். எல்லா வேலையிலும் கெட்டிக்கார நாடுகூட, எல்லாவற்றிலும் மட்டமான நாட்டிடம் சரக்கு வாங்கினால் ரெண்டு பேருக்கும் லாபமாம். எனக்குத் தெரிந்து ஒருத்தன் லாபம் இன்னொருத்தன் நஷ்டம். எழுதிப் பார்த்தால் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும் என உட்கார்ந்தேன்.

2

ஜெர்மனி தேசத்தில் ஒரு

(அடித்துவிட்டேன். அந்த ஊர் அச்சு மிஷினைச் சிவகாசியில் பார்த்திருக்கிறேன், ஊரைப் பார்த்ததில்லை.)

நாரணாபுரத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் குருவம்மாள், அந்தப் பக்கம் அவள் கொழுந்தன் பெண்டாட்டி மாரிசெல்வி. நாடுகளுக்குப் பதில் இவர்கள் போதும்.

இருவரும் பட்டாசு கம்பெனிக்கு வெறும் காகிதக் குழாய் உருட்டுகிறவர்கள். கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, உருவி எடுக்க வேண்டும். மாரிசெல்வி ஒன்று உருட்டுவதற்குள் குருவம்மாள் நாலு உருட்டிவிடுவாள். குழம்பும் குருவம்மாள் வைப்பதுதான் ருசி. ஆனால் அதில் வித்தியாசம் கொஞ்சம்தான்.

(எல்லாவற்றிலும் கெட்டிக்காரியாக இப்படி ஒரு பெண் இருப்பாளா? எனக்கே நம்பிக்கையில்லை. குருவம்மாளுக்கு வாய் அதிகம் என்று ஒரு குறை சேர்த்துக்கொள்கிறேன்.)

3

சீசன் ஆர்டர். குருவம்மாள் அடுப்புக்கும் குழாய்க்கும் மாறி மாறி எழுந்தாள். குழம்பைக் கிண்டிவிட்டு வருவதற்குள் கிண்ணத்துப் பசை ஆடை கட்டிவிடும்.

மாரிசெல்வி வந்து வாசலில் நின்றாள்.

"திருப்பூருக்குக் கெளம்புறோம்க்கா. துணிமணியக் கட்டிட்டேன். இங்கன என் கைக்கு எந்த வேலையும் படிய மாட்டேங்குது."

குருவம்மாள் கம்பியைக் கீழே வைத்தாள். இனி சுவரைத் தட்டினால் யார் குரல் கொடுப்பது?

"ஏ புள்ள, ரெண்டு வீட்டுக்கும் நீ சோறாக்கு. ரெண்டு வீட்டுக் குழாயையும் நான் உருட்டுறேன். கூலியப் பங்கு போட்டுக்கிருவோம்."

"என் குழம்ப நீங்க சாப்பிடுவீகளா?"

"நாக்கக் கழட்டி வச்சிட்டுச் சாப்பிடுறேன். ஆக்கு."

கட்டிய துணி மூட்டையை மாரிசெல்வி அவிழ்க்கவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று தன் வாசலோரம் வைத்தாள்.

4

இங்கேதான் பொய்யைப் பிடிக்கக் காத்திருந்தேன். அகப்படவில்லை. குருவம்மாள் அடுப்படியில் நிற்கிற நேரத்தில் நாலு குழாய் நஷ்டமாகப் போகிறது. மாரிசெல்வி நின்றால் ஒன்றுதான் போகிறது. பசை ஆடை கட்டவில்லை, குழாய் கூரையைத் தொட்டது.

ஆனால் குருவம்மாளால் சும்மா இருக்க முடியவில்லை. குழம்பு வந்ததும் எழுந்துபோய், புளி கரைத்து, உப்புப் போட்டு, மறுபடி கொதிக்கவிட்டாள். இங்கே பசை காய்ந்தது. மறுநாளும் அதே கதை.

"திருப்பி நீங்களே ஆக்குறதுக்கு நான் எதுக்குக்கா?" மாரிசெல்வி மூட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

(கற்பகவல்லி இதைப் படித்துச் சிரித்தாள். "வெளிநாட்டுச் சரக்கத் தடுத்து எல்லாத்தையும் தானே செய்யிற நாடும் இப்படித்தான் மாமா."

"அது சரி. யாருக்கு எம்புட்டுப் பங்குன்னு ஒன் புஸ்தகத்துல இருக்கா?"

"அத அவுக பேசித்தான் தீத்துக்கிடணும்."

பொய் இருந்தால் அங்கே இருக்கும். அதைத் தனியாகப் பிடிக்க வேண்டும்.)

5

கதைக்கு நான் எழுதிய முதல் முடிவில் மாரிசெல்வி பஸ் ஏறினாள். கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில் அவள் குழம்பு திடீரென்று அமிர்தமானது. நடக்காது. நடக்கவும் வேண்டியதில்லை.

மூன்றாவது இது. மத்தியானம். சாயங்காலம் லோடு ஏற்ற வேன் வரும். மாரிசெல்வி குழம்புச் சட்டியை இறக்கிவைத்தாள். குருவம்மாள் ஒரு வாய் சாப்பிட்டாள். உப்புக் குறைவு. உப்பு ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மறுபக்கம் கிண்ணத்தில் பசை இன்னும் ஈரமாக இருக்கிறது.

"எப்படிக்கா இருக்கு?"

எனக்கு இதுவரை திருப்திதான். இதற்குமேல் குருவம்மாள் வாயில் வார்த்தையைத் திணித்தால் நான் ஏமாற்றுகிறவன் ஆவேன். பதிலை நீங்கள் சொல்லுங்கள். யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள், பசை காய்கிறது.