ஆளோடு போகிற பாட்டு

செகொண்டித் துறைமுக ஊரின் நங்கூரம் கால்பந்து அணியின் ரசிகர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரன் ஊரை விட்டுப் போனால் அவனுக்காகக் கட்டிய பாட்டும் அவனோடு போய்விட வேண்டும். அதற்கப்புறம் அந்த மெட்டை வேறு எவனுக்காகவும் மைதானத்தில் எடுக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் இதை எதிர்த்து யாரும் வாய் திறந்ததில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை. பாட்டுகள் சுமாராகத்தான் இருந்தன, போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நாசிருவின் பாட்டை அப்படி விட முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த தகராறுக்கெல்லாம் காரணம் அதுதான்.

பாட்டைக் கட்டியவள் அராபா. ரயில் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவள், மைதானத்தில் முதல் குரல் கொடுக்கிறவள். நாசிரு வடக்கே தமாலேயிலிருந்து பத்தாம் எண் சட்டை போட வந்த வாரம், பயிற்சி பார்க்கப் போனாள். பையன் பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு நாலு பேரைத் தாண்டிப் போய், ஐந்தாவது ஆளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்துவிட்டு அவனையும் தாண்டினான். கடைக்குத் திரும்பி நிலக்கடலைக் குழம்பைக் கிளறும்போதே மெட்டு வந்துவிட்டது. வழக்கமாக முதல் கோல் விழுகிறவரை பொறுத்திருப்பாள். அன்று பொறுக்கவில்லை.

பாட்டு ஊரையே பிடித்துக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள், படகு இழுக்கிறவர்கள் பாடினார்கள். எதிரணிக்காரர்கள் திட்டிக்கொண்டே முணுமுணுத்தார்கள். ஒரு சாவு ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக்காரர்கள் அதை வாசிக்க, செத்தவருடைய மனைவியே கைதட்டினாள் என்று பேச்சு.

ஆட்டம்தான் பாட்டின் அளவுக்கு வரவில்லை. இரண்டு பருவத்தில் மூன்று கோல். ஒன்று பெனால்டி. இன்னொன்று அவன் நடுவரோடு வாதாடிக்கொண்டிருந்தபோது முதுகில் பட்டு உள்ளே போனது. மூன்றாவது நல்ல கோல்தான், ஆனால் அன்று மழை, மைதானத்தில் பாதிப்பேர் இல்லை. இப்போது அணி அவனை விடுவித்துவிட்டது. கடலை விட்டு உள்ளே தள்ளி ஏதோ இரண்டாம் பிரிவு அணிக்குப் போகிறான்.

ஒருவன் போகும்போது வட்டம் கூடி அவனைப் பற்றிப் பேசி முடிப்பதும் வழக்கம். ஞாயிறு தேவாலயம் முடிந்து எல்லாரும் அராபாவின் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். தலைவர் குவான்சா, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எக்காளம் ஊதுகிற ப்ரூ அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மீன் எது முதலில் பொரிகிறதோ அது அவனுக்கு.

ப்ரூதான் ஆரம்பித்தான். நாசிரு கொடுத்த பந்துகளையெல்லாம் தேட வேண்டுமானால் வலை போட்டுக் கடலில்தான் தேட வேண்டும் என்றான். குதிகாலால் பந்து கொடுக்கிறவன் பின்னால் ஆள் இருக்கிறானா என்று ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம் என்று இன்னொருவர் சேர்த்தார். குவான்சா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பையனின் நல்லதையும் சொல்ல வேண்டாமா என்றார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் தலை குனியாமல் நம் பக்கம் வந்து கைதட்டினவன் அவன் ஒருவன்தான். தார்க்வா சாலையில் ரசிகர் பேருந்து நின்றுபோன அன்று, ஆட்டக்காரர்களுடைய வண்டியிலிருந்து இறங்கி வந்து தள்ளினவனும் அவன்தான்.

"தள்ளினான், இல்லேங்கல," என்றான் ப்ரூ. "அந்தப் பருவத்துல அவன் முன்னாடி நகத்தினது அது ஒண்ணுதான்."

கடையே சிரித்தது. அராபாவும் சிரித்தாள், முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு.

சிரிப்பு அடங்கினதும் ப்ரூ விஷயத்துக்கு வந்தான். ஒபுவாசியிலிருந்து புதுப் பத்தாம் எண் வருகிறான், க்வாபெனா என்று பெயர். ஆள் போகட்டும், பாட்டு இருக்கட்டும். நாசிரு என்கிற இடத்தில் க்வாபெனா என்று போட்டுக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பாதிக் கடை ஆமாம் என்றது. எல்லாருடைய கண்ணும் அராபா மேல் வந்து நின்றது.

அராபா கரண்டியைக் கழுவினாள். கழுவின கரண்டியையே மறுபடி கழுவினாள். சரி என்று சொல்லிவிட அவளுக்கும் ஆசைதான். கல்யாணமான புதிதிலிருந்து பாட்டுக் கட்டுகிறாள். மற்றதெல்லாம் கத்துவதற்கான பாட்டு, பாடுவதற்கான பாட்டு இது ஒன்றுதான். இப்படி இன்னொன்று தனக்கு வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். நாசிரு பேருந்து ஏறுகிறபோது அதுவும் ஏறிவிட்டால், அவளுடைய தொண்டை அதை இனி எங்கே எடுக்கும்? குளியலறையிலா?

குவான்சா வழக்கத்தை மாற்றக் கூடாது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"உள்ளதைச் சொல்றேன் அராபா, வருத்தப்படாதே. ஒரு கோல் போடறதுக்கு முன்னாடி அவன் தலையில அவ்வளவு பெரிய பாட்டைத் தூக்கி வச்சோம். பாட்டுதான் பையனைக் கெடுத்துச்சு."

அராபாவுக்குச் சுருக்கென்றது. தானே சில ராத்திரி அப்படி நினைத்துப் பார்த்ததுண்டு. கரண்டியை மாட்டிவிட்டு, "சாப்பிட வருவான். அவனையே கேப்போம்," என்றாள்.

நாசிரு மத்தியானம் வந்தான். எல்லாரையும் வரிசையாகப் பார்த்துச் சிரித்துவிட்டு, அராபாவின் முழங்கால் வலிக்குத் தடவ, தன் அம்மா கொடுத்தனுப்பிய மரக்கொட்டை வெண்ணெய் டப்பாவை மேசையில் வைத்தான். இவனுக்காகவே அவள் கற்றுக்கொண்ட சோளக்களி தயாராக இருந்தது. தட்டை வைத்தாள், எதிரே உட்கார்ந்தாள்.

"நெஜத்தைச் சொல்லு கண்ணு. இந்தப் பாட்டு ஒன்னை அழுத்திடுச்சா?"

நாசிரு களியைப் பிட்டபடியே யோசித்தான். "பாட்டு என்னம்மா பண்ணும்? பயிற்சியில வர்றது ஆட்டத்துல எனக்கு வரல. அவ்வளவுதான். பாட்டு கேக்குற வரைக்கும் நான் நல்ல ஆட்டக்காரன்தான். நடுவர் ஊதினப்புறந்தான் கஷ்டம்."

முதலில் ப்ரூ சிரித்தான், பிறகு நாசிருவே சிரித்தான். குவான்சா மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

அராபா சிரிக்கவில்லை. புது ஆள் வருகிறதையும் ப்ரூ கேட்டதையும் மறைக்காமல் சொன்னாள். எல்லாருக்கும் பாட்டின் மேல் ஆசை, தனக்கும் ஆசை என்பதையும் சொன்னாள். பையன் நல்லவன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவான் என்றுதான் கடை முழுவதும் நினைத்தது. ப்ரூ எக்காளத்தைத் துணியால் துடைக்கவே தொடங்கிவிட்டான்.

"தர மாட்டேம்மா," என்றான் நாசிரு. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், மெதுவாக. "இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். மூணு கோலையும் வேணா வச்சுக்குங்க."

ப்ரூ துணியை எக்காளத்தின் மேலேயே விட்டுவிட்டான். 

அராபா அவனுடைய குனிந்த தலையைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக இவனிடம் எது கேட்டாலும் சரிம்மா, சரிம்மா என்றுதான் வரும். முடியாது என்று இவன் சொல்லி இன்றுதான் கேட்கிறாள். அதைச் சொல்ல இவன் எத்தனை நேரம் களியைப் பிசைந்தான் என்பதையும் பார்த்தாள். மேசையில் இருந்த வெண்ணெய் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 

"பாட்டு அவனோடது," என்றாள். "க்வாபெனா முதல்ல ஒரு கோல் போடட்டும். அப்புறம் அவனுக்கு என்ன வருதுன்னு பாக்கலாம்."

ப்ரூ பெருமூச்சு விட்டான். "நம்ம வாங்கினதுலயே உருப்படியான ஆட்டக்காரன் அந்தப் பாட்டுதான் தலைவரே. அதையும் சும்மா அனுப்புறோம்." ஆனால் சொல்லும்போதே நாசிருவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

நாசிரு தலையைத் தூக்கினான். இன்னும் ஒன்று கேட்க வேண்டும் என்றான். அந்தப் பாட்டில் இரண்டாவது அடி உண்டாமே, அது எப்படிப் போகும்? அவன் கேட்டதே இல்லை; தெருவில் பாடுகிறவர்களும் முதல் அடியோடு நிறுத்திவிடுவார்கள். முதல் அடி முடிவதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். இரண்டாவது அடிக்கு அராபா வாயெடுப்பதற்குள் அவன் பந்தைத் தொலைத்திருப்பான், கூட்டம் பாட்டை விட்டுவிட்டு அவனைத் திட்டப் போயிருக்கும்.

அராபாவுக்குக் கூச்சமாக இருந்தது. அந்த அடி முழுக்கப் பெருமை. தமாலேயில் இருக்கிற அம்மாவே, பெரிய பானையை அடுப்பில் ஏற்று, உன் பிள்ளை கோப்பையோடு வருகிறான், கோப்பை உன் பானையை விடப் பெரியது என்று போகும். எந்தக் கோப்பை, என்ன கோப்பை? முதல் அடியோடு நிறுத்திவிடலாமா என்று பார்த்தாள்.

"பாடுங்கம்மா," என்றான் அவன். "எவ்வளவு பெருமையா இருந்தாலும் பரவால்ல, நான் சிரிச்சுக்கறேன்."

முதல் அடியிலிருந்து எடுத்தாள். கடை முழுவதும் சேர்ந்துகொண்டது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். இரண்டாவது அடியில் பானை வந்ததும் நாசிரு மேசையில் கவிழ்ந்து தோள் குலுங்கச் சிரித்தான். ப்ரூவோ அந்த அடியை ஊதிப் பழகாதவன், எக்காளம் எங்கோ கிளை பிரிந்து ஓடியது. அராபா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

வேறு நாளாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும். அன்று அவள் கோபப்படவில்லை; பாட்டை முடிக்க அவளுக்கு அவசரமும் இல்லை. மறுபடி முதல் அடிக்கே போனாள். ப்ரூ மறுபடியும் தப்பாக ஊதினான். பரவாயில்லை, முதலிலிருந்து என்றாள் அராபா.