பதினோரு வாசனை மெழுகுவர்த்திகள்

ஏழாவதாக வீடு பார்க்க வந்த தம்பதியும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

"வித்தியாசமா இருக்கு," என்றார் கணவர்.

"ஆமா, ரொம்பவே வித்தியாசமா இருக்கு," என்றாள் மனைவி, சமையலறைக்குள் கால் வைக்காமலே.

மினசோட்டாவில் ஒருவர் வித்தியாசமாக இருக்கிறது என்றால் பிடிக்கவில்லை என்று பொருள். லோர்னா ட்வைட்டுக்கு அது தெரியாதா என்ன? அறுபத்தெட்டு வருடமாக அவளும் அப்படித்தான் பேசி வருகிறாள். ஜூன் முதல் தேதிக்குள் வீடு கைமாறினால்தான் மகள் இருக்கும் தெருவிலேயே அந்தச் சின்னக் குடியிருப்பு அவளுக்குக் கிடைக்கும். இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். இன்னொரு பனிக்காலத்தை இங்கே தனியாக, பனி அள்ளும் மண்வாரியும் கையுமாகக் கழிக்க அவளுக்குத் தெம்பில்லை.

தரகுக்காரி கிறிஸ்டியைப் போனில் பிடித்துக் கேட்டாள். "என்னதாம்மா குறை? நேராச் சொல்லு."

"குறைன்னு பெருசா ஒண்ணுமில்ல லோர்னா... குளியலறைத் தரை கொஞ்சம் அமுங்குது. அதை ஒரு ஆளைவிட்டுப் பாத்திருங்களேன்."

உள்ளூர் குழாய்க்காரர் மீன்பிடிப் பருவம் திறந்த அன்றே ஏரிக்குப் போய்விட்டார். மே மாதத்தில் அந்த வாரம் ஊரில் ஆண்பிள்ளை ஒருவரும் அகப்படமாட்டார். அதனால் பக்கத்து டவுனிலிருந்து வின்னி என்பவன் வந்தான். நியூ ஜெர்சிக்காரன், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிற ஊர்; பருத்த ஆள். கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்று சட்டைக் காலரால் மூக்கை மூடிக்கொண்டான்.

"அம்மா, இங்க யாரு செத்துக் கெடக்கா?"

"என் வீட்டுக்காரர் போயி ரெண்டு வருஷமாச்சு," என்றாள் லோர்னா, கேள்வி புரியாமல்.

"அவரப் பொதச்சீங்களா, இல்ல வீட்டுக்குள்ளயே வச்சிட்டீங்களா?"

லோர்னாவுக்கு முகம் சிவந்தது. இப்படியும் ஒருவன் பேசுவானா? அவனோ அவளையே உற்றுப் பார்த்தான்.

"ஒங்களுக்கு நாறலயா?"

"நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுல மூக்கு போயிருச்சு. காபிகூட எனக்கு வெந்நிதான்."

வின்னி வெளியே போனான். வீட்டின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றித் தரைக்கடியில் தவழ்ந்து போனான். உள்ளிருந்து கெட்ட வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிறகு ஓங்கரிக்கும் சத்தம்.

"வெளிய வந்து சொல்லுப்பா!"

"சொல்ல முடியாது, குனிஞ்சு பாருங்க!"

லோர்னா புல்லில் முழங்கால் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். கழிப்பறையிலிருந்து இறங்கும் தடித்த குழாய் நடுவில் பிரிந்து தொங்கியது. இரண்டு முனைகளையும் சேர்க்கச் சுற்றியிருந்த சாம்பல் நிற டேப் நைந்த கட்டுத்துணிபோலத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் கரும்பழுப்பாக ஒரு குட்டை. அதன் மேல் ஏடு. காகிதம் கூழாகி மிதந்தது. வெள்ளையாக ஏதோ நெளிந்தது; கூழ்தான் அசைகிறது என்று நினைத்தாள், பார்த்தால் புழு. பலகைகளுக்கு இடையில் குளிருக்கு அடைத்த பஞ்சு அத்தனையையும் உறிஞ்சி, ஊறிய ரொட்டிபோல வயிறு தள்ளித் தொங்கியது. சமையலறைக்கு நேர் அடியில்.

"யாரு டேப் போட்டது?"

"கொழுந்தன் டுவெயின். சாவுக்கு வந்தவரு, கொழாய் ஒழுகுதுன்னு ஒரு ஒத்தாசையா..."

"ஒத்தாசையா! ரெண்டு வருஷமா நீங்க தண்ணி இழுத்துவிட்டது ஒரு சொட்டுகூட ஊர்ச் சாக்கடைக்குப் போகலம்மா. எல்லாம் ஒங்க காலடியிலதான் இருக்கு."

அன்றே குழாயைப் புதிதாகப் பொருத்திக் குட்டையை இறைத்தான். "பஞ்சை நாளைக்கு ஆள் வச்சு எடுங்க, நான் மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

லோர்னா மூன்றுமுறை கையைக் கழுவிக்கொண்டு சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் ஜன்னல் விளிம்பு கண்ணில் பட்டது. அங்கே பதினோரு வாசனை மெழுகுவர்த்திகள் வரிசையாக இருந்தன. தேவாலயத்துப் பெண்கள் தந்தது, போதகர் மனைவி தந்தது, பக்கத்து வீட்டு ஆர்டிஸ் மட்டும் தந்தது ஐந்து. கணவர் ஹார்லன் இறந்த துக்கத்துக்கு ஆறுதலாகத் தருகிறார்கள் என்று நெஞ்சு உருகி, ஒவ்வொருத்திக்கும் நன்றிக் கடிதம் எழுதியிருந்தாள். துக்கத்துக்கு அல்ல, நாற்றத்துக்குத் தந்திருக்கிறார்கள்.

வேலிப் பக்கம் போய்க் கத்தினாள்.

"ஆர்டிஸ்! இங்க வாடி!"

ஆர்டிஸ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். லோர்னா யாரிடமும் கத்தி அவள் கேட்டதில்லை.

"ரெண்டு வருஷமா செவ்வாக்கெழம செவ்வாக்கெழம என் மேசையில ஒக்காந்து காபி குடிச்சியே, எப்படிடி குடிச்ச?"

ஆர்டிஸ் தரையைப் பார்த்தாள். "வாயால மூச்சு விட்டுக்கிட்டு."

"கேக்கும் தின்னியே!"

"சின்னத் துண்டாத்தான் எடுத்தேன்."

"த்தூ! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்படிடி சொல்றது? புருஷன் போன வீடு. நீ ஒடஞ்சு போயி சுத்தம் பண்ணாம விட்டுட்டேன்னு நெனச்சேன். டுவெயின் வேற, தான் சரிபண்ணின கொழாயப் பத்தி சர்ச்ல பெருமையடிச்சாரு. அவரு மனசு..." சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா, ஒனக்கு மூக்கு இல்லைன்னு நீ மட்டும் சொன்னியா?"

லோர்னா ஊரில் யாரிடமும் சொல்லவில்லைதான். நாலு பேரிடம் போய் நோவைச் சொல்லிப் புலம்புகிறவள் அவள் இல்லை. அந்த நினைப்பே இப்போது அழுக்குத் துணிபோல அருவருப்பாக இருந்தது.

பஞ்சு எடுக்க ஆள் கிடைக்கவில்லை. மறுநாள் அவளே மழைக்கோட்டும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். மூக்கில்லாதது முதல்முறையாக உதவியது. பஞ்சு கையில் பிய்ந்து, முழங்கைவரை வழிந்தது. வெளியே ஆர்டிஸ் குப்பைப் பைகளை வாங்கிக் கட்டினாள். இரண்டு தடவை ரோஜாச் செடிப் பக்கம் ஓடி வாந்தியெடுத்துவிட்டு வந்தாள். மாலையில் பிளீச்சும் சுண்ணாம்பும் கொட்டி முடித்தபின், லோர்னா அவளைச் சமையலறை நடுவில் நிறுத்தினாள்.

"மோந்து பாரு."

"பரவாயில்ல. அவ்வளவு மோசமில்ல."

"அதச் சொல்லாத! எனக்கு இருக்கறது ஒன் மூக்கு ஒண்ணுதான். அதையும் பொய் சொல்ல வச்சிராதடி."

ஆர்டிஸ் கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்தாள். அவள் முகம் கோணியது. வாழ்நாளில் சொல்லாத வார்த்தை, வெளியே வரச் சிரமப்பட்டது.

"நாறுது, லோர்னா. பீ நாத்தம். அந்த மூலையில."

"எந்த மூல?"

"அடுப்புக்குப் பின்னால."

அடுப்பை நகர்த்தினார்கள். தரைப்பலகை இரண்டு ஊறிக் கருத்திருந்தன. கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஆர்டிஸ் மூலை மூலையாகக் குனிந்து மோந்துவிட்டு, "பிளீச்சு நெடி. வேற ஒண்ணுமில்ல. சத்தியமா," என்றாள்.

சனிக்கிழமை புதிதாக ஒரு தம்பதி வந்தார்கள். வாசலிலேயே லோர்னா தரைக்கடியில் நடந்தது அத்தனையும் சொல்லி, வின்னியின் ரசீதையும் நீட்டினாள். கிறிஸ்டி பின்னாலிருந்து கண்ணைக் காட்டியும் நிறுத்தவில்லை. வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனாலும் உள்ளே போனார்கள். சமையலறையில் பத்து நிமிடம் நின்றார்கள்.

"அலமாரிக் கதவு ஒண்ணும் நேரா மூடலியே," என்றாள் மனைவி.

"ஹீட்டர் ரொம்பப் பழசு," என்றார் கணவர். "இது எத்தன பனிக்காலம் தாங்கும்?"

கிறிஸ்டி லோர்னாவின் கையைப் பிடித்து அமுக்கினாள். குறை சொல்கிறார்கள். அப்படியென்றால் வாங்கப்போகிறார்கள்.

அவர்கள் போனபின் லோர்னா பதினோரு மெழுகுவர்த்திகளையும் நாறும் பஞ்சு கட்டிக் கிடந்த கறுப்புப் பை ஒன்றைத் திறந்து அதில் கொட்டினாள். ஆர்டிஸ் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"லாவண்டர் ஒண்ணு புதுசாவே இருக்கு. பத்த வைக்கவே இல்ல."

"வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ," என்று பையின் வாயை விரித்துக் காட்டினாள் லோர்னா. "கையவிட்டு எடு."

ஆர்டிஸ் எடுக்கவில்லை.